கனம் எந்தச் சக்கரத்தில் விழுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவல் (முட்டை வடிவ) தடக் கார் பந்தயம் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். கனமான கார் தரையை நன்றாக அழுத்துவதால் வளைவில் வேகமாகத் திரும்பும் என்ற வரி மட்டும் உறுத்தியது. பலரும் நம்புகிற கருத்துதான், ஆனால் பாதிதான் உண்மை.

எடை கூடினால் டயரின் பிடிமானம் கூடும், சரி. ஆனால் காரை வளைவுக்குள் திருப்பத் தேவைப்படும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறதே! பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் அடிபட்டுப் போய், வளைவின் வேகத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை என்று விடை வரும். நிஜமான டயர் அப்படி நடந்துகொள்வதில்லை. 300 கிலோ பாரத்தில் 300 கிலோ அளவுக்குப் பக்கவாட்டு விசையைத் தாங்கும் டயர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாரத்தை 600 ஆக்கினால் அது 600ஐத் தாங்காது, 550 போல எங்கோ நின்றுவிடும். பாரம் ஏற ஏற, ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிமானம் குறைகிறது. கனமான கார் வளைவில் தோற்பது இதனால்தான்.

இதிலிருந்துதான் சுவையான விஷயமே தொடங்குகிறது. அமெரிக்க ஓவல்களில் கார்கள் எப்போதும் இடப்பக்கமே திரும்புகின்றன. அப்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. வலது டயர் அதிகமாகப் பெறுவதைவிட இடது டயர் இழப்பது கூடுதல் என்பதால், மொத்தப் பிடிமானம் குறைகிறது. அதனால்தான் குறுந்தடப் பந்தய அணிகள் எடையைத் தாழ்வாகவும் இடப்பக்கமாகவும் வைக்கப் பாடுபடுகின்றன. இடப்பக்க எடை இத்தனை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பல பிரிவுகளில் விதியே உண்டு. மொத்த எடை அதேதான், வைக்கும் இடம் மாறினாலே சுற்று நேரம் மாறிவிடும்! கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறை.

தரையை அழுத்தினால் பிடிமானம் என்பது, ஓடும் காரைக் கீழ்நோக்கி அழுத்தும் காற்றுக்கு முழுக்கப் பொருந்தும். அது டயரை அழுத்தும், ஆனால் காரின் நிறையைக் கூட்டாது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஓவலில், வளைவுகளில் தடம் உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும் சரிவு 9 பாகைதான், ஆரம் சுமார் 256 மீட்டர். சரிவை மட்டும் நம்பினால் மணிக்கு 70 கி.மீ. சொச்சத்தில்தான் திரும்ப முடியும். அங்கே 1996இல் தகுதிச் சுற்றில் ஆரி லூயண்டைக் என்ற ஓட்டுநர் இண்டி காரில் நான்கு சுற்றுகளின் சராசரியாக மணிக்கு 381 கி.மீ. தொட்டார். இடைவெளியை நிரப்பியவை டயரும் காற்றும்தான். அதே தடத்தில் 2008இல், இண்டி கார்களைவிட மிகக் கனமான நாஸ்கார் (இன்னொரு அமெரிக்கப் பந்தயத் தொடர்) கார்கள் ஓடியபோது டயர்கள் பத்துச் சுற்று அளவிலேயே தேய்ந்தன. அடிக்கடி மஞ்சள் கொடி காட்டிக் கார்களின் வேகத்தைக் குறைத்து, டயர் மாற்றவைத்தே பந்தயத்தை முடித்தார்கள்.

டயர் தேய்மானத்துக்கென்றே இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். அதில் நான்கு சக்கரங்களின் பாரத்தையும் தனித்தனியே காட்டும் படம் ஒன்று அவசியம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்