ரோபோ நடுவழியில் நிற்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் தரையிலுள்ள கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ செய்யும் மாணவர் அணிகள், கோளாறு வந்தவுடன் புரோகிராமைத்தான் குடைகிறார்கள். பெரும்பாலும் பிழை மின்சாரத்தில் இருக்கிறது.

சதுர வடிவ 9 வோல்ட் பற்றரி இதற்குச் சரிவராது. இரண்டு மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. வோல்ட் சரிய, ரோபோவின் மூளையான அர்டுயினோ பலகை தானாக ரீசெட் ஆகிவிடும். 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட். மோட்டார்களை இயக்கும் எல்298என் டிரைவர் பலகை அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பற்றரி, டிரைவர், அர்டுயினோ மூன்றின் கிரவுண்டும் (மறை முனை) ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இந்த ஒரு வயரை மறந்துவிட்டு இரவு முழுக்கப் புரோகிராம் திருத்துவோர் உண்டு! மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் குறையும்.

அடுத்தது வெயில். கோட்டை வாசிக்கும் சென்சர், தரையில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டே கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கிறது. நம் பாடசாலை மண்டபங்களில் ஜன்னல் வழியே விழும் வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் சென்சர் கறுப்பை வெள்ளையென்று வாசிக்கும். சென்சரைத் தரையிலிருந்து 3 முதல் 5 மில்லிமீற்றர் உயரத்தில் பொருத்தி, சுற்றிலும் கறுப்பு மட்டை ஒட்டுங்கள். கோட்டுக்குப் பளபளக்கும் இன்சுலேஷன் டேப் ஒட்டினாலும் சென்சர் கறுப்பை வெள்ளையென்று வாசிக்கக்கூடும். சென்சருக்கான கறுப்பு, வெள்ளை அளவீட்டைப் போட்டித் தளத்திலேயே, போட்டி நேர வெளிச்சத்திலேயே எடுக்கவேண்டும். ஏற்பாட்டாளர்கள் அதற்கென அணிக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்கட்டும்.

வாசகர்கள்,
மட்டக்களப்பு.