கெமராவைத் தொடும் முன் நூறு கேள்வி ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் மலையகத்து வீடியோக்காரர்களைப் பற்றிக் குறைப்பட்டிருந்தார். புதிதாக ஒரு வேலை கொடுக்கப் போனால் கெமராவைத் தொடும் முன்பே நூறு கேள்வி கேட்கிறார்களாம், அட்வான்ஸ் கேட்கிறார்களாம், கையெழுத்தும் கேட்கிறார்களாம். அவர் சொன்ன ஆள் நானாகவும் இருக்கலாம். ஹட்டனில் 22 வருடமாக இதுதான் என் தொழில். சடங்கு வீடு, கல்யாணம், கோயில் திருவிழா என்று தொடங்கி, கசெட்டிலிருந்து மெமரி கார்டுக்கு வந்து சேர்ந்தவன்.

கல்யாண வீட்டில் கேள்விக்கு வேலையே இல்லை. தாலி எத்தனை மணிக்கு என்பதை ஐயர் சொல்லிவிடுவார், மிச்சம் நமக்கே தெரியும். ஹோட்டல், தேயிலைக் கம்பனி, தொண்டு நிறுவனம் என்று வருகிற வேலை அப்படியில்லை. 2023 இல், மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் என்று, ‘மலையகம் 200’ பற்றி எல்லோரும் பேசினார்களே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனம் நடந்ததே, அந்த வருடத்திலிருந்து என்னிடம் இப்படியான ஆட்கள் நிறைய வரத் தொடங்கினார்கள்.

அதில் ஒரு பார்ட்டி கொழும்பிலிருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பியது. இரண்டு நிமிட வீடியோ, தேயிலை மலை, கொழுந்து எடுக்கிற பெண்கள், ஒரு நாள் வேலை, ரேட் என்ன? நானும் ரேட்டைச் சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது. ஜூலையில் நாள் குறித்தார்கள், அதற்கும் சரி என்றேன். என் பிழைதான். ஜூலையில் எங்கள் பக்கம் தென்மேல் பருவ மழை கொட்டும். வெயில் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போக வேண்டும். ஹட்டனுக்கு வருவதென்றால் தை பிறந்த பிறகு வர வேண்டும்.

வந்தவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். தொழிற்சாலையில் கொழுந்து அரைபடுவதை எடுக்க வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் வாட்டிய கொழுந்து அந்தத் தொழிற்சாலையில் விடியும் முன்னே அரைபட்டுவிடும். நாங்கள் போனபோது கொழுந்து அரைக்கிற ரோலரைக் கழுவி வைத்திருந்தார்கள். சரி, மலைக்குப் போவோம் என்றார்கள்.

மலையில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவைப் பிடித்தார்கள். நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்கு அழகாக இல்லை என்று அவிழ்க்கச் சொன்னார்கள். கையோடு கொண்டுவந்த சிவப்புச் சேலையை மேலே சுற்றிவிட்டார்கள். படங்கு இல்லாமல் நனைந்த செடிக்குள் இறங்கினால் இடுப்புக்குக் கீழே எல்லாம் ஈரம்தான். அந்த ஈரத்தோடு சரிவில் நடந்து வரச் சொன்னார்கள். மழைத் தூறல் லென்ஸில் பட்டது, திரும்பவும். சிரிப்பு போதவில்லை, திரும்பவும். ஒருமுறை அட்டை ஏறியதைப் பார்த்து கூட வந்த பெண் கத்திவிட்டாள், திரும்பவும். பதினொரு தடவை நடந்தார் அந்த அக்கா. எண்ணிக்கை எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கெமரா என் கையில்தான் இருந்தது.

முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கிற தோட்டம் அது. பின்னேரம் கொழுந்து மடுவத்தில் எடை போட்டபோது அவருக்கு 11 கிலோதான் வந்தது. அரைப்பேர் எழுதினார்கள். கொழும்புக்காரர்கள் அதற்குள் வேனில் ஏறிவிட்டார்கள். நான் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். “சல்லி வேணாம் தம்பி, என் ஏழு கிலோவைக் குடுங்க” என்று சொல்லிவிட்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வீடியோ எங்கே ஓடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தோட்டத்துப் பக்கம் போனால் அவர் கேட்பாரோ என்று இப்போதும் பயம்.

அந்த மாதமே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். புதிதாக யார் வந்தாலும் முதலில் கொப்பியைத்தான் திறப்பேன். படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், போனில் நெடுக்காகவா, மண்டபத்துத் திரையில் அகலமாகவா? நெடுக்காக வேண்டியதை அகலத்தில் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டினால் பாதி மலை போய்விடும். கடைசி முடிவு யார் கையில்? இதைக் கேட்காமல் விட்டு, ஒரே படத்தை மூன்று மேலாளர்களுக்காக மூன்று விதமாக வெட்டிய அனுபவமும் உண்டு. திருத்தம் எத்தனை தடவை? மழை வந்தால் மறுநாள் யார் செலவு? தோட்டத்துத் துரையிடம், அதாவது மேலாளரிடம், அனுமதிக் கடிதம் யார் வாங்குவது, ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி யார் எடுப்பது? இதெல்லாம் எந்த வீடியோக்காரரும் கேட்பதுதான்.

அதற்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி இருக்கிறது: மலையில் நிற்பவருக்கு எவ்வளவு? படம் எங்கே ஓடும் என்று அவரிடம் சொல்வது யார்?

இந்த வரியைப் பார்த்து எழுந்து போனவர்கள் உண்டு. “நாங்கள் என்ன நடிகையையா பிடிக்கிறோம்?” என்று ஒருவர் கேட்டார். நடிகை என்றால் பதினொரு தடவை நடந்ததற்குக் காசு வாங்கியிருப்பார் என்றேன். வேலை போய்விட்டது. வீட்டில் திட்டும் கிடைத்தது.

சரி என்று சொன்னவர்களும் உண்டு. போன மாசியில் ஒரு தேயிலை ஏற்றுமதிக்காரர், புதியவர்தான், கொப்பியைத் தன் பக்கம் திருப்பி நிதானமாக வாசித்தார். துரையோடு பேசி இரண்டு பேருக்கு அன்றைக்கு முழுப்பேர் போட வைத்தார், அதற்கு மேல் தன் கையாலும் கொடுத்தார். விடியற்காலை மூன்று மணிக்கே தொழிற்சாலையில் நின்றோம், ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. மலையில் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. பத்து மணித் தேநீருக்கு உட்கார்ந்த இடத்தில் அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், அதை எடுத்துக்கொண்டேன். படத்தில் நல்ல இடம் அதுதான்.

உங்களுக்கு எழுதிய அன்பர் இன்னும் வீடியோக்காரரைத் தேடிக்கொண்டிருந்தால் ஹட்டன் ரயில் நிலையத்தடிக்கு வரட்டும். பிளேன்டீ என் செலவு. கொப்பியும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வீடியோ படப்பிடிப்பாளர்,
ஹட்டன்.