அந்த ‘உம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களாகக் கடைக்கு வருபவர்களில் பலர் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, போனில் மாட்டினால் சுத்தமாகப் பாடுகிறது, கம்ப்யூட்டரில் மாட்டினால் மட்டும் அடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிலர் அதற்குள் கேபிளை மாற்றிவிட்டார்கள், சிலர் ஸ்பீக்கரையே மாற்றிவிட்டார்கள். ஒருவர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் கழற்றிவிட்டு, “இப்போ சத்தம் சுத்தமா நின்னுடுச்சு” என்று சந்தோஷமாக வந்து சொன்னார். அதைக் கேட்ட அன்றே இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். எர்த் பின்னைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். டேப் ஒட்டி மறைப்பது, மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரைப் போடுவது, எல்லாம் இதே கதைதான். சத்தம் நிற்கும், அது உண்மை. ஆனால் நீங்கள் துண்டித்தது உயிரைக் காக்கிற கம்பியை. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு நாள் மின்சாரம் வரும் லைன் கம்பி தளர்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியாகப் பாய்ந்து ஃப்யூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும், அதோடு முடிந்தது. எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழு மின்னழுத்தத்தோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும், யாராவது தொடும் வரை. இல்லையென்றால் அந்த மின்சாரம் உங்கள் ஆடியோ கேபிளின் மெல்லிய ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியாக அடுத்த கருவியின் எர்த்தைத் தேடிப் போகும், கேபிள் தீய்ந்துவிடும். மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவர்களுக்கு இது விளையாட்டே இல்லை. சத்தத்தை எங்கே வெட்டலாம் என்றால் சிக்னல் போகிற கேபிளில் வெட்டலாம், மின்சாரம் போகிற கேபிளில் கூடாது. இந்த மடலில் மற்றதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

சரி, இந்தச் சத்தம் எப்படி வருகிறது? கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு ஒரு எர்த். இரண்டும் சுவரில் எங்கோ போய்ச் சேர்கின்றன. நடுவில் ஆடியோ கேபிளை மாட்டியதும் அதன் ஷீல்டு இரண்டு கருவிகளின் கிரவுண்டையும் (எர்த்தோடு சேர்ந்திருக்கும் உள் இணைப்பை) இன்னொரு முறை இணைக்கிறது, ஒரு முழு வளையம் உருவாகிவிடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம். இரண்டு எர்த்தும் துல்லியமாக ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை, அந்தச் சின்ன வித்தியாசம் போதும், வளையத்தில் மின்னோட்டம் ஓடத் தொடங்கிவிடும். சிவப்பு-வெள்ளை முனை கொண்ட ஆர்சிஏ கேபிளிலும் ஹெட்போன் முனை கொண்ட 3.5 மிமீ கேபிளிலும் ஷீல்டுக்கு இரண்டு வேலை: வெளி இரைச்சலைத் தடுப்பது ஒன்று, சிக்னலுக்குத் திரும்பும் பாதையாக இருப்பது இன்னொன்று. ஆகவே ஷீல்டில் ஓடுகிற எந்த வேண்டாத மின்னோட்டமும் நேராகப் பாட்டோடு கலக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். ஷீல்டின் தடை 0.1 ஓம், அதில் ஓடுவது 10 மில்லியாம்பியர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1 மில்லிவோல்ட். வீட்டுக் கருவிகளின் லைன் சிக்னல், அதாவது ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒலி சிக்னல், ஏறக்குறைய 316 மில்லிவோல்ட். அதாவது சத்தம் பாட்டைவிட 50 டெசிபல்தான் கீழே இருக்கிறது. ராத்திரி அமைதியில், பாட்டில் ஒரு மெல்லிய இடம் வரும்போது, 50 டெசிபல் தாராளமாகக் கேட்கும். ஒரே ஒரு மில்லிவோல்ட் செய்கிற வேலை இது.

எந்தச் சத்தம் என்று காது கொடுத்துக் கேட்டாலே பாதி வழி வந்துவிட்டீர்கள். வழவழப்பான தாழ்ந்த ‘உம்ம்’ என்றால் அது மின்விநியோகத்தின் சொந்த அதிர்வெண், நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். ‘ஜிர்ர்ர்’ என்று சொரசொரப்பாக இருந்தால் அதன் மடங்குகளான 100, 150, அதற்கு மேலும் கலந்திருக்கின்றன. அறையில் டிம்மர் விளக்கு இருந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். மவுஸை நகர்த்தும்போது, பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது, கேம் ஓடும்போது மாறுகிற கீச்சொலி என்றால் அது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது. பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை விட்டுவிட்டு இழுக்கும்போது கிரவுண்டில் ஏற்படும் நடுக்கம் அது. நிலையான மெல்லிய விசில் மாதிரி இருந்தால் யூஎஸ்பியைச் சந்தேகப்படலாம், ஏனென்றால் யூஎஸ்பி ஒவ்வொரு 1 மில்லிசெகண்டுக்கும் ஒரு துடிப்பு அனுப்புகிறது, அதன் வேகமான ‘ஹை ஸ்பீடு’ வகை என்றால் 125 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று. காதுக்கு இவை 1,000 ஹெர்ட்ஸாகவும் 8,000 ஹெர்ட்ஸாகவும் கேட்கும். வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற காற்றுச் சத்தத்துக்கும் கிரவுண்டுக்கும் சம்பந்தம் இல்லை. கம்ப்யூட்டரில் வால்யூமை ஏற்றிவிட்டு ஸ்பீக்கரில் குறைத்தாலே அது பெரும்பாலும் அடங்கும்.

போன வாரம் வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவர் லேப்டாப்பையும் பவர்டு ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ளது) இரண்டையும் அப்படியே கொண்டுவந்தார். மேசையில் வைத்து மாட்டினோம். அவர் டச்பேடில் விரலை வைத்து மெதுவாக இழுத்தார், விரல் நகரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘ஸ்ரீக், ஸ்ரீக்’ என்று கேட்டது, விரல் நின்றால் அதுவும் நின்றது. லேப்டாப்பிலிருந்து சார்ஜரின் முனையை மட்டும் உருவினேன். கடையில் ஃபேன் ஓடுகிற சத்தம்தான் மிச்சம். திரும்பச் செருகினால் திரும்ப வந்தது. சார்ஜரிலும் மூன்று பின், ஸ்பீக்கரிலும் மூன்று பின், நடுவில் 3.5 மிமீ கேபிள், வளையம் கண்முன்னால் தெரிந்தது. சார்ஜரை அப்படியே விட்டுவிட்டு, ஆடியோ கேபிளின் நடுவில், சிக்னலை விட்டு கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டோம், அவ்வளவுதான். அவர் புது ஸ்பீக்கர் வாங்கத்தான் வந்திருந்தார்.

நீங்களும் வீட்டில் இதே சோதனையைச் செய்யலாம், காசு செலவே இல்லை. முதலில் ஸ்பீக்கரின் வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் அதோடு சேர்ந்து மாறினால் அது வால்யூம் குமிழுக்கு முன்னாலிருந்து வருகிறது, மாறாவிட்டால் ஸ்பீக்கருக்குள்ளேயே கோளாறு. அடுத்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றி மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போதும் உறுமினால் கம்ப்யூட்டர் மேல் பழி இல்லை. அமைதியானால் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: சார்ஜரை எடுத்தும் சத்தம் போகவில்லை என்பார்கள், லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டியிருக்கும், அது போகிற மானிட்டருக்கு மூன்று பின் பிளக் இருக்கும். எர்த் அந்த வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிட்டது. ஆகவே மானிட்டர், பிரின்டர், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே கேளுங்கள். டிவிக்கு வரும் கேபிள் இணைப்பை மறக்கவேண்டாம், அது வெளியிலிருந்து தனியாக ஒரு எர்த்தைக் கொண்டுவரும். சாதாரண நெட்வொர்க் கேபிளால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, அதன் இரண்டு முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஷீல்டு போட்ட நெட்வொர்க் கேபிள் என்றால் கழற்றிப் பாருங்கள்.

இரண்டு பின் சார்ஜர் வேறு ரகம். அதில் எர்த்தே இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து லேப்டாப்பின் உலோக உடலுக்கு வரும். உள்ளங்கையை வைத்தால் மெல்ல ‘சுருக்’கென்று ஊர்வது அதுதான். ஆடியோ கேபிளை மாட்டினால் அந்தக் கசிவு ஷீல்டு வழியே ஓடி உறுமும். இதற்கு மருந்து எர்த் சேர்ப்பதுதான், அதே நிறுவனத்தின் மூன்று பின் கம்பி கிடைத்தால் அதைப் போடுங்கள். ஆனால் மூன்று பின் கருவி ஒன்றைத் தொட்டே ஷாக் அடிக்கிறது என்றால் சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லை என்று சந்தேகப்படவேண்டும். எங்களிடம் வருவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, காரணம் தெரிந்தது. அப்புறம் என்ன செய்வது?

முதலில் கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். எர்த் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் வித்தியாசமும் சுருங்கிவிடும், பல வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டுப் பின்பக்க ஜாக்கில் மாட்டுங்கள், முன்பக்க ஜாக்கின் கம்பி கேபினெட்டுக்குள் எல்லா இரைச்சலையும் ஒட்டித்தான் வருகிறது. ஆடியோ கேபிளையும் பவர் கேபிளையும் சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போயே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகப் போகட்டும்.

அதிலும் தீராவிட்டால் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள வட்ட ஜாக்) அல்லது டிஆர்எஸ் (மூன்று தொடர்பு உள்ள பிளக்குக்கானது) உள்ளீடு இருந்தால் உங்களிடம் நல்ல ஆயுதம் இருக்கிறது, அது பேலன்ஸ்டு இணைப்பு. சிக்னல் இரண்டு கம்பிகளில் போகும், வாங்குகிற பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், இரண்டிலும் ஒரேமாதிரி ஒட்டிய இரைச்சல் கழிந்துவிடும். 60 டெசிபல் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கும் ஒலிக் கருவி) வைத்திருந்தும், இரண்டே தொடர்பு உள்ள டிஎஸ் கேபிளால் ஸ்பீக்கரை மாட்டியிருப்பவர்கள் நிறையப் பேர், டிஆர்எஸ்ஸுக்கு மாறினாலே போதும். கம்ப்யூட்டரின் 3.5 மிமீ ஜாக்கிலிருந்து நேராக எக்ஸ்எல்ஆர் ஸ்பீக்கருக்குப் போகிறவர்களுக்கும் வழி உண்டு. உள்ளே இரண்டு கம்பியும் ஷீல்டும் உள்ள கேபிளில், ஜாக்கின் சிக்னல் முனையை 2ஆம் பின்னுக்கும், ஜாக்கின் கிரவுண்டைத் தனிக் கம்பியால் 3ஆம் பின்னுக்கும், அதே கிரவுண்டிலிருந்து ஷீல்டை 1ஆம் பின்னுக்கும் கொண்டுபோகவேண்டும். வேண்டாத மின்னோட்டம் ஷீல்டோடு போய்விடும், ஸ்பீக்கர் 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கேட்கும். நீளம் சொன்னால் நாங்களே சால்டர் செய்து தருகிறோம்.

பேலன்ஸ்டு போட்டும் உறுமுகிறதே என்று சிலர் சொல்வது பொய் இல்லை. சில கருவிகளில் ஷீல்டு வந்து சேரும் 1ஆம் பின்னை உலோகப் பெட்டியில் சேர்க்காமல் உள்ளே சர்க்யூட்டின் கிரவுண்டில் சேர்த்துவிடுகிறார்கள், இரைச்சல் நடுவீட்டுக்கே வந்துவிடுகிறது. நீல் மன்சி என்பவர் 1995இல் இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார், ‘பின் 1 பிரச்சினை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி 2005இல் ஏஇஎஸ்48 என்று இதற்கென ஒரு தரநிலையே வெளியிட்டது. அப்படிப்பட்ட கருவி என்றால் கேபிளில் வாங்குகிற பக்கத்து ஷீல்டை மட்டும் இணைக்காமல் விட்டுப் பார்க்கலாம், சிக்னல் கேபிளில் இதைச் செய்வதில் ஆபத்து இல்லை.

பேலன்ஸ்டு உள்ளீடே இல்லாத ஸ்பீக்கருக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சிக்னல் காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், கிரவுண்ட் தாண்டாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வையுங்கள். மிகச் சின்னதாக இருப்பவற்றில் சத்தத்தைக் கூட்டினால் பேஸ் குழறும், இரும்புக் கரு சிறிதாக இருந்தால் தாழ்ந்த ஒலியைத் தாங்காது. கடையில் உங்கள் பாட்டையே போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். லைன் சிக்னலுக்கு மட்டும்தான் இது, மைக்குக்கோ ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிக்கோ அல்ல.

யூஎஸ்பி ஐசொலேட்டர் (யூஎஸ்பி வழியே கிரவுண்ட் சேராமல் பிரிக்கும் கருவி) கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் இன்டர்ஃபேஸ் எது என்பதுதான். ஏடியூஎம்4160 மாதிரி சிப் உள்ளவை நொடிக்கு 12 மெகாபிட் வரைதான் போகும். சாதாரண ஸ்டீரியோ டேக்குக்கு (DAC, டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் கருவி) அது போதும், ஹை ஸ்பீடு கேட்கும் இன்டர்ஃபேஸுக்குப் போதாது, அதற்கு 480 மெகாபிட் தாங்குவது வேண்டும். இன்னொன்று, ஐசொலேட்டர் தரும் மின்சாரம் பெரும்பாலும் குறைவு, யூஎஸ்பியிலிருந்தே முழு 500 மில்லியாம்பியரையும் இழுக்கும் இன்டர்ஃபேஸ் அதில் கண்ணே திறக்காது. கம்ப்யூட்டரிலும் ஸ்பீக்கரிலும் ஆப்டிகல் ஜாக் இருக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். டோஸ்லிங்க் என்ற இந்த ஆப்டிகல் இணைப்பு 1983இல் தோஷிபா கொண்டுவந்தது, கேபிளில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை, வளையம் உருவாக வழியே கிடையாது.

கேபிளில் மாட்டும் ஃபெரைட் உருளை எங்களிடமும் இருக்கிறது. ஆனால் அது மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கானது, 50 ஹெர்ட்ஸ் உறுமலை அது தொடக்கூட முடியாது. விலை உயர்ந்த தடித்த கேபிளும் வளையத்தை உடைக்காது, தங்க முலாம் துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவே. முன்பெல்லாம் கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறோம். இப்போது உறுமலுக்காக யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லி எங்கள் பையன்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கடைக்கு வரும்போது மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: பேட்டரியில் ஓட்டினால் சத்தம் நிற்கிறதா, எந்தக் கேபிளைக் கழற்றினால் நிற்கிறது, ஸ்பீக்கரின் பின்பக்கம் என்னென்ன ஜாக் இருக்கிறது. பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சத்தத்தையும் பத்து நொடி பதிவு செய்துகொண்டு வாருங்கள். முடிந்தால் சார்ஜரோடு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுங்கள், மேசையில் மாட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். எர்த் பின்னை ஏற்கெனவே கழற்றியவர்கள் அந்தப் பிளக்கையும் கொண்டுவாருங்கள், புதுப் பிளக் மாட்டித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து