வெள்ளத்துக்கு எடுத்துவைக்கும் டார்ச்சை வாளியில் போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் வெளியாகும் அவசரகாலப் பொருள் பட்டியல்களில் டார்ச் தவறாமல் இருக்கிறது. எப்படிப்பட்ட டார்ச் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் கைதவறி விழுந்ததும் அணைந்துவிடும் டார்ச்சால் என்ன பயன்?

பெட்டியில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று அச்சடித்திருப்பதை நம்பாமல், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கும் ஐ.பி.எக்ஸ் (IPX) தர எண்ணைப் பாருங்கள். ஐ.பி.எக்ஸ் 4 மழைத் தெறிப்பை மட்டுமே தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 அதற்கும் மேல். ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்க வேண்டும். வெள்ளத்துக்கு 7 போதும். ஆனால் இந்தச் சோதனைகள் புது டார்ச்சை, அசையாத நல்ல தண்ணீரில் வைத்துச் செய்பவை. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்து ரப்பர் வளையம் காய்ந்துபோன டார்ச்சுக்கு அந்த எண் செல்லாது.

தண்ணீர் பெரும்பாலும் மூடி மரையில் உள்ள வளையம், முன்கண்ணாடி விளிம்பு, பின்புறச் சுவிட்சின் ரப்பர் தொப்பி, சார்ஜ் துளை மூடி ஆகிய இடங்களில்தான் புகும். மரையில் மணல் இல்லாமல் துடைத்து, வளையத்தில் விரிசல் இல்லையென்றால் அரிசியளவு சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பளபளப்பு தெரிந்தால் போதும், வழிந்தால் மண் ஒட்டும். ஆர்.ஓ. வடிகட்டி பழுதுபார்ப்பவர்களிடம் இந்த கிரீஸைக் கேட்டுப் பார்க்கலாம். வளையமே சிலிகானாக இருந்தால் இது வேண்டாம், அதை உப்பவைத்துவிடும். டார்ச்சுகளில் வரும் கறுப்பு வளையம் பெரும்பாலும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் என்பதால் கவலையில்லை. கிரீஸுக்குப் பதிலாகத் தடவும் தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். வாசலின் சில வகை ரப்பரை ஊதவைக்கும்.

பிறகு சோதனை. பேட்டரியை எடுத்துவிட்டு, உள்ளே டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூடியை இறுக்குங்கள். கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடித்தால் உள்ளே காற்று விரியும். கசிவு உள்ள இடத்திலிருந்து குமிழிகள் தொடர்ந்து வரும். உடனே குளிர்ந்த தண்ணீர் வாளிக்கு மாற்றி 30 நிமிடம் விடுங்கள். காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். நெடுநேரம் எரிந்து சூடான டார்ச் வெள்ளத்தில் விழும்போதும் இதேதான் நடக்கிறது. பேப்பர் நனையாவிட்டால் தேறிவிட்டது. தண்ணீருக்குள் சுவிட்சை அமுக்குவதையோ தலையைத் திருகுவதையோ தவிர்ப்பது நல்லது.

சுவரில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் செய்யும் பிளாஸ்டிக் டார்ச்சுகள் இதில் தேறாது. அவற்றை ஒளி ஊடுருவும் ஜிப் பைகள் இரண்டில், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுவிடுங்கள்; பைக்குள்ளிருந்தே ஒளி கிடைக்கும். அலுமினிய டார்ச் மூழ்கிவிடும், மணிக்கட்டில் கயிறு அவசியம்.

அல்கலைன் பேட்டரி கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும் என்பதால் அதை வெளியே எடுத்து, டார்ச்சோடு சேர்த்து ஒரே பையில் வைக்கவும். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் பேட்டரியை நீக்கி, கடல்நீரானால் நல்ல தண்ணீரில் அலசி, மூடியைத் திறந்தபடியே நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பேட்டரியைப் போட்டு இறுக்கினால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேரக்கூடும். நனைந்து ஊறிய லித்தியம் பேட்டரியைக் காய்ந்த பிறகும் சார்ஜரில் போடக் கூடாது.

வாசகர், கடலூர்