பீட்ரூட் சூப்பும் உறைகுத்தும் நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலை முன்னிட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் லிதுவேனியா நாட்டுக் குளிர்ந்த பீட்ரூட் சூப்பின் செய்முறை வந்திருந்தது. நல்ல தேர்வுதான். ஆனால் கெஃபிர் என்கிற, லேசாகப் புளிக்கவைத்த பால்பானத்துக்குப் பதிலாகப் புளித்த தயிரும் ஃப்ரெஷ் கிரீமும் போட்டு, எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து, ஐஸ் கட்டி மிதக்கவிட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் வருவது வேறு ஏதோ ஜூஸ்.

என் மகள் வயிற்றுப் பேரன் அந்த நாட்டில் கவுனாஸ் நகரில் படிக்கிறான். கோடை வந்துவிட்டால் அங்கே வீட்டுக்கு வீடு இதுதானாம். தலைநகர் வில்னியஸில் 2023 முதல் இந்த சூப்புக்கென்றே ஒரு திருவிழா நடத்துகிறார்கள். இளஞ்சிவப்பு உடையில் வந்து கூடுகிறார்கள். போன விடுமுறையில் இங்கே கோட்டையூருக்கு வந்தவன் நான் மிக்ஸியை எடுத்ததுமே, "ஆயா, அரைக்காதீங்க, பல்லுல படணும்" என்று தடுத்துவிட்டான். வேகவைத்த பீட்ரூட், பச்சை வெள்ளரிப்பிஞ்சு, வெங்காயத்தாள் எல்லாம் பொடியாக நறுக்கியோ துருவியோதான் போடவேண்டும். அவித்த முட்டை நறுக்கி மேலே வைப்பார்கள். முட்டை சேராத வீட்டில் விட்டுவிடலாம், குறை ஒன்றும் தெரியாது. அவர்கள் தூவுவது சதகுப்பைக் கீரை. காரைக்குடி காய்கறிக் கடைகளில் கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கொத்தமல்லியைவிடப் புதினா இரண்டு இலை பொருந்துகிறது என்பது என் கட்சி.

ஆனால் இவை எல்லாம் சில்லறை. சூப்பைக் கெடுப்பதும் காப்பதும் மோர்தான், அதைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. கெஃபிரில் பாக்டீரியாவோடு ஈஸ்டும் சேர்ந்திருக்கும். நுரைப்பும் லேசான புளிப்பும் உண்டு. அங்கே சாதாரண மோரும் ஊற்றுகிறார்கள், ஆகவே நம் மோர் தாராளமாகப் போதும். ஆனால் அது புளிக்காத மோராக இருக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் மாலை 6 மணிக்கு உறைகுத்தினால் நள்ளிரவுக்குள் உறைந்து, விடியும்போது பல் கூசும். இரவு 10 மணிக்கு, ஆறிய பாலில் லிட்டருக்கு ஒரு சின்னக் கரண்டி தயிர் விட்டால் விடியற்காலை 4, 5 மணிக்குள் தோய்ந்துவிடும். எழுந்ததும் முதல் வேலையாக அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிடவேண்டும். காப்பி குடித்துவிட்டு வைக்கலாம் என்று விட்டால், புளிப்பு நமக்காகக் காத்திருக்காது. மலைப்பக்கத்து வாசகிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவர் மாலையிலேயே உறைகுத்தலாம்.

அரை லிட்டர் தயிருக்கு அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர் விட்டு மத்தால் கடைந்தால் சரியான பதம். அதற்கு மேல் தண்ணீர் விட்டால் நீர்மோர். பீட்ரூட்டைத் தோலோடும் கொஞ்சம் காம்போடும் வேகவைத்தால்தான் சாயம் தண்ணீரில் இறங்காது. நன்றாக ஆறிய பிறகே மோரில் சேர்க்கவேண்டும், சூட்டோடு போட்டால் திரிதிரியாகப் போகும். சேர்த்தவுடன் முதலில் சிவப்புக் கோடுகளாக ஓடும். ஒரு மணி நேரம் குளிரில் இருந்தபின் மூடியைத் திறந்தால் பாத்திரம் முழுக்க ஒரே நிறம், ரோஸ்மில்க்கைவிட அழுத்தமாக. உப்பைப் பரிமாறும்போது போடுங்கள். முன்கூட்டிப் போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு சூப் நீர்த்துவிடும். ஐஸ் கட்டியும் அதே காரணத்தால் வேண்டாம். கிண்ணங்களைக் குளிரவைத்தால் போதும். இன்னொன்று, மறுநாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறி டாக்டரிடம் ஓடவேண்டாம், பீட்ரூட் தின்றால் சிலருக்கு அப்படித்தான்.

"இது நம்ம பீட்ரூட் பச்சடிதானே?" என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டார்கள். இதில் தாளிப்பு கிடையாது, தேங்காய் கிடையாது, பச்சைமிளகாய் கிடையாது. கடுகும் பெருங்காயமும் விழுந்தால் அப்புறம் பச்சடியேதான். தொட்டுக்கொள்ள ஆவி பறக்கும் வேகவைத்த உருளைக்கிழங்கு, அதன்மேல் கொஞ்சம் வெண்ணெய். குளிர்ந்த சூப் ஒரு கரண்டி, சூடான கிழங்கு ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடவேண்டும். தங்கள் குறிப்பில் கிழங்கே இல்லை. சோம்பும் மிளகும் மணக்க நாம் செய்யும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டை இதன் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்; சூப் போன இடம் தெரியாது. செட்டிநாட்டுக்காரி நானே சொல்கிறேன்.

பல்கேரியாவில் பீட்ரூட் இல்லாமல் தயிர், வெள்ளரி, பூண்டு, வால்நட் சேர்த்து இன்னொரு குளிர்ந்த சூப் செய்கிறார்கள். அதையும் ஒரு வாரம் போடுங்கள். பூண்டு அதில் பச்சையாகவே போவதால் ஒரு பல்லுக்கு மேல் வேண்டாம் என்று எழுதுங்கள். பால், தயிர் சேர்ந்த எந்தக் குறிப்பானாலும் எத்தனை மணிக்கு உறைகுத்துவது, எத்தனை மணிக்குக் குளிரில் வைப்பது என்பதையும் அளவுகளோடு சேர்த்து அச்சிடுங்கள். இட நெருக்கடி என்றால் அந்தப் பளபளப்பான படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்