தேனீக்குச் சீனிப்பாகு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தேனீ வளர்ப்புக் கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் சீனிப்பாகு வைத்தாலே கூடு தப்பித்துவிடும் என்று எழுதியிருப்பதை அப்படியே விட மனசு வரவில்லை, ஏனென்றால் மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்திருக்கிற பலரும் இதையேதான் நம்புகிறார்கள். சீனி பசியாற்றும், சரி. ஆனால் உடம்பு வளரத் தேவையான ஸ்டீரால் என்கிற கொழுப்பு வகை அதில் துளிகூடக் கிடையாது.

கொலஸ்டிரால் என்றாலே நமக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான் ஞாபகம் வரும். ஸ்டீரால் வகையைச் சேர்ந்த அதை நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும், பூச்சிகளால் முடியாது, தீனியில் வந்தால்தான் உண்டு. செல் சவ்வுக்கும், புழுவைத் தோலுரித்து வளர வைக்கிற ஹார்மோனுக்கும் ஸ்டீரால் வேண்டும். பட்டுப்புழு சமர்த்து, மல்பெரி இலையிலுள்ள சிட்டோஸ்டீராலைக் கொலஸ்டிராலாக மாற்றிக்கொள்ளும். தேனீக்கு அதுவும் தெரியாது. அதன் உடம்பில் அதிகமாக இருக்கிற 24-மெத்திலீன்கொலஸ்டிரால் என்ற ஸ்டீரால் மகரந்தத்திலிருந்து அப்படியே வந்தாக வேண்டும். மகரந்தம் குறைந்தாலும் உடனே தெரியாது. புழுவுக்கு ஊட்டுகிற இளம் தேனீக்கள் தங்கள் உடம்பில் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கும், அது தீர்ந்த பிறகுதான் புழு அடை சுருங்கும், நாமும் ஏதோ நோய் என்று மருந்து தேடி அலைவோம்.

சோயா மாவும் ஈஸ்ட்டும் கலந்து வைக்கிறவர்கள் உண்டு. புரதம் கிடைக்கும், ஆனால் சாதாரண ஈஸ்ட்டில் இருப்பது எர்கோஸ்டீரால், தேனீக்கு வேண்டியது அது அல்ல. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஈஸ்ட்டின் மரபணுவையே மாற்றி, தேனீக்குத் தேவையான 6 ஸ்டீரால்களைத் தயாரிக்க வைத்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தத் தீனி கிடைத்த கூடுகளில் 15 மடங்கு வரை அதிகமான புழுக்கள் கூட்டுப்புழு ஆகின. பெரிய விஷயம்தான், ஆனால் அது ஐரோப்பியத் தேனீயிடம் பார்த்தது, இங்கே பெட்டியில் இருப்பது இந்தியத் தேனீ.

எங்கள் ஊர்ச் சிக்கல் வேறு மாதிரி. ரப்பர் தளிர்க்கும்போது பெட்டி நிறைவது பூவால் அல்ல, இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரால். அதனோடு மகரந்தம் வராது. மகரந்தத்துக்குத் தென்னை உண்டு, அப்புறம் தோட்டத்தில் தானாக முளைக்கிற தொட்டாச்சிணுங்கி. அதைத்தான் களை என்று மருந்தடித்துக் கருக்கிவிட்டு, தேனீ ஏன் ஓடிப்போகிறது என்று கேட்கிறோம்!

மானியத்தில் பெட்டி தருகிறவர்கள் கூடவே நாலு மகரந்தச் செடியும் தந்தால் நல்லது. நீங்களும் அடுத்த கட்டுரையில், ஆனி முதல் ஐப்பசி வரை நம் மாவட்டத்தில் எந்தச் செடி எப்போது மகரந்தம் தரும் என்று ஒரு பட்டியல் போடுங்கள், வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம்