அறிவிப்பு வேறு, அரசிதழ் வேறு

அன்புள்ள மகளுக்கு,

சட்டமன்ற உறுப்பினருக்குக் குறிப்பு எழுதித் தரும் வேலை என்றாய். காட்டைக் காப்போம் என்று மேடையில் யாரும் பேசிவிடலாம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அரசிதழில் வந்தது, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்பதை நீ பார்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள். 2022 நவம்பரில் 193.215 ஹெக்டேர், பல்லுயிர்ச் சட்டப்படி காக்கப்படும் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டில், அதையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கப் பகுதி ஏலம் போனது. தலத்தை அறிவித்தது மாநிலம். அந்தக் கனிமத்தை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம். ஊர் மக்கள் திரண்டார்கள், 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தீர்மானம் ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்தாது. எல்லாக் கட்சிகளும் ஒரே பக்கம் நின்றதுதான் அதன் பலம்.

வனவிலங்குச் சட்டத்தின் சரணாலயம் இதைவிடக் கெட்டி. தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாநிலம் அதன் எல்லையை மாற்ற முடியாது. ஆனால் வழி நீளம். பட்டா நிலமும் கலந்த பகுதி என்றால், முதலில் 18-ஆம் பிரிவில் உத்தேச அறிவிப்பு, அதாவது சரணாலயமாக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு. பிறகு ஆட்சியர் பிரகடனம் போட்டு, உரிமை கோருவோருக்கு இரண்டு மாத அவகாசம் தருவார். அந்த விசாரணையை இரண்டு ஆண்டுக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. கடைசியில் 26அ பிரிவில் இறுதி அறிவிப்பு. கோப்பு தூங்குவது பெரும்பாலும் விசாரணையில்தான். வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஒரு எல்லை, வனத்துறை வரைபடத்தில் வேறொரு எல்லை. நடுவில் ஆட்சியர் மாறிவிடுவார். மேய்ச்சலுக்கும் தேனுக்கும் போகிறவர்களின் உரிமையை, 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபை வழியாக முடிக்காமல் தாண்டினால், பின்னால் வழக்கு நிச்சயம்.

எல்லைதான் எல்லாம். அமைதிப் பள்ளத்தாக்கைக் கேரள அரசு 1980-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது, அங்கே அணை கட்டத் திட்டமிட்டிருந்த இடத்தை மட்டும் வெளியே விட்டுவிட்டது! செய்தியை மட்டும் படித்தவர்கள் வெற்றி என்றே நினைத்திருப்பார்கள். குந்திப்புழை ஆற்றின் அந்த அணைத் திட்டம் 1983-இல்தான் கைவிடப்பட்டது. அந்த இடத்தையும் சேர்த்து 89.52 சதுர கிலோமீட்டர் பூங்காவானது 1984-இல். இந்திரா காந்தி அணைக்கு எதிராக நின்றதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். விட்டுப்போன பகுதியைச் சேர்த்த அந்த இரண்டாம் அறிவிப்பைப் பேசுவார் இல்லை. காடு நிலைத்ததற்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அதனால் உன் உறுப்பினரை அடுத்த கூட்டத்தொடரில் இப்படிக் கேட்கச் சொல்: தொகுதியில் உத்தேச அறிவிப்போடு நிற்கும் பகுதிகள் எவை? விசாரணை எந்த ஆட்சியர் அலுவலகத்தில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது? புல எண் பட்டியல் இணைத்தாயிற்றா? அனுமதிக்கப்பட்ட வனக் காவலர் பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை? வாய்மொழிப் பதில் போதாது, எழுத்தில் வாங்கு. வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, சேர்ந்தே படிப்போம்.

அன்புடன்,
அப்பா